வீட்டுப் பம்ப் சீக்கிரம் கெடாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுச்சாமம். வீட்டில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றன. ஆனாலும் பின்கட்டில், குழாய்த் தண்ணீருக்கு அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் ‘டக்’கென்று ஓடி, இரண்டு விநாடியில் நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே சத்தம். கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கம் நான் பம்ப் பார்க்கப் போகும் வீடுகளில் இதைப் பற்றிக் கேட்டால், “அது ஒரு வருசமா அப்படித்தாங்க இருக்கு” என்பார்கள். அந்த ஒரு வருடத்தில்தான் பம்பின் பாதி ஆயுள் போயிருக்கும்.

மோட்டார் சீராக ஓடும்போது எடுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கை அது கிளம்பும் நொடியில் எடுக்கிறது. சூடு ஏறுவதும், சுவிட்சின் முனைகள் கருகுவதும் அந்த நொடியில்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் எட்டு மணி நேர இரவில் மட்டும் 48 தடவை. யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சத்தம் வந்ததும் பம்பைக் கழற்றுவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் குற்றம் வேறெங்கோ இருக்கும். பம்பிலிருந்து வீட்டுக்குள் போகும் பைப்பில் உள்ள வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். அப்போதும் விட்டுவிட்டு ஓடினால், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வில் தூசி சிக்கித் தண்ணீர் பின்னால் இறங்குகிறது, அல்லது பம்பிலேயே எங்கோ ஒழுகுகிறது. வால்வை மூடிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் கசிவு என்றால் முதலில் கழிவறையைப் பாருங்கள். ஃபிளஷ் டேங்கில் கேசரிப் பவுடர் கொஞ்சம் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் போய்விட்டது. சில வெள்ளிச் செலவில் முடிகிற வேலை. கழிவறையில் கழுவும் ஹோஸும் இப்படித்தான். கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டுச் சுவரிலுள்ள குழாயை மூடாமல் வருவது நம் வீடுகளில் சகஜம்.

கசிவே இல்லாமல், குழாயைத் திறக்கும்போதெல்லாம் பம்ப் இப்படி விட்டுவிட்டு ஓடினால் பிரஷர் டேங்கைப் பாருங்கள். அதற்குள் ரப்பர் பை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி அடைத்த காற்றுதான் சின்னச் சின்னத் தேவைகளுக்குப் பம்பை எழுப்பாமல் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது. அந்தக் காற்று மெல்ல மெல்ல இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. இங்கேதான் அடுத்த தவறு: டேங்கில் தண்ணீர் அழுத்தம் இருக்கும்போதே அளப்பார்கள். அப்போது கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம். சுவிட்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு டயருக்கு வைக்கும் அதே கேஜை வைத்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்ததும் பம்பைக் கிளப்பும் பிரஷர் சுவிட்ச் உள்ள பம்ப் 20 பிஎஸ்ஐயில் (கேஜ் காட்டும் அழுத்த அளவு) கிளம்பும் என்றால் டேங்கில் 18 இருக்க வேண்டும். 30இல் கிளம்பினால் 28. தேவைக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் பம்ப்புக்குக் கணக்கு வேறு, அதன் கையேட்டைப் பாருங்கள். காற்று வால்வை அழுத்தினால் தண்ணீர் வருகிறதா? ரப்பர் பை கிழிந்துவிட்டது, காற்றடித்துப் பயனில்லை.

பம்பை எங்கே மாட்டுவது என்பதிலும் பிழை நடக்கிறது. கூரைத் தொட்டி ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான், அதனால் பம்ப் தேவைப்படுகிறது, சரி. ஆனால் அது தொட்டித் தண்ணீரைத்தான் இழுக்க வேண்டும். தெருவிலிருந்து வரும் பொதுக் குழாயில் நேரடியாகப் பம்ப் மாட்டுவதற்கு அனுமதி இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுத் தண்ணீரை உறிஞ்சுவது ஒரு பக்கம். குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் வெளியிலுள்ள அழுக்கையும் அது சேர்த்து இழுக்கும்.

அப்புறம், தண்ணீர்த் தடை. பம்புகளை அதிகம் கொல்வது இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் போனது. அந்த வாரம் என் அம்மா வீட்டுப் பம்ப் எரிந்தது. கூரைத் தொட்டி காலியாகிவிட்டது. குழாய் திறந்தபடி இருந்ததால் பம்ப் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரார் வீட்டுப் பம்பெல்லாம் பார்க்கிற நான் அம்மா வீட்டில், தொட்டி காலியானால் பம்பை நிறுத்தும் ஒரு ஃபுளோட் சுவிட்ச் வைக்காமல் விட்டிருந்தேன். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

பம்புக்குள் இருக்கும் சீலில் இரண்டு வழவழப்பான வட்டுகள் ஒன்றையொன்று உரசிச் சுழல்கின்றன. நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றைக் குளிர்விக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் சீக்கிரமே சூடேறி வெடிப்பு விடும். பிறகு மோட்டார் பக்கம் தண்ணீர் ஒழுகும். ஆகவே தடை அறிவிப்பு வந்ததும், வாளிகளை நிரப்புவதோடு பம்பின் சுவிட்சையும் நினைவில் வையுங்கள். தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் அணைத்துவிடுங்கள். பம்பைச் சுற்றிப் போகும், செக் வால்வு வைத்த பைபாஸ் குழாய் இருந்தால், பம்ப் நின்றாலும் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கும்.

தண்ணீர் திரும்பி வந்த உடனே பம்பைப் போடுவதும் தவறுதான். 2024 ஜனவரி 10 முதல் பினாங்கில் சுங்கை டுவா நிலையத்துப் பெரிய வால்வுகளை மாற்ற நான்கு நாள் தடை வந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தடைக்குப் பிறகு முதலில் வருவது காற்றும் கலங்கலும். மீட்டருக்கு அருகிலுள்ள குழாயைத் திறந்து தெளியும்வரை விட்டு, தொட்டி நிறைந்து, வடிகட்டியைக் கழுவிய பிறகே பம்ப்.

மழை படுகிறதே என்று பம்பின்மேல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்க்கிறவர்கள் பலர். மோட்டாருக்குப் பின்னால் உள்ள விசிறிக்குக் காற்று வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு மேலே மட்டும் கூரை போடுங்கள். இடி மின்னல் அதிகமுள்ள ஊர் இது, இன்வெர்ட்டர் பம்பின் போர்டு அதற்குத் தாங்காது. மழை இருட்டும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விழுந்தால், அது விழாமலிருக்க வழி தேட வேண்டாம். எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது, வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

யாத்திரைக்கோ பிள்ளைகள் வீட்டுக்கோ இரண்டு மூன்று மாதம் போகிறவர்கள் பம்பை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் துரு பிடிக்கும், சீல் ஒட்டிக்கொள்ளும். பிரேக்கரை அணைத்து, உள்வரும் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, அடியிலுள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் பனிக்காலத்தைப் பற்றியே பேசும். நமக்கு இங்கே எதிரி புழுக்கமும் எறும்பும் பல்லியும்தான்.

கழற்றி வைக்கிறீர்கள் என்றால் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளேயே வியர்க்கும். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, இரண்டு வாய்களையும் துணியால் அடைத்து, சிமெண்டுத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். மாதம் ஒரு தடவை விசிறிப் பக்கத்துத் தண்டைக் கையால் சுற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது “ஓடுதான்னு பார்ப்போம்” என்று தண்ணீரில்லாமல் பிளக்கைச் சொருகிப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். தண்டு சுற்றுகிறதா பாருங்கள், பம்பில் தண்ணீரை ஊற்றி நிரப்புங்கள், பிறகு சுவிட்ச். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் மட்டும் வந்து ஓடாவிட்டால் அந்த நொடியே அணையுங்கள். தண்டு இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் மெல்லச் சுற்றி விடுவிக்கலாம். தாராளமாகச் சுற்றியும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், பிளக்கைக் கழற்றியிருந்தாலும் அதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.