பாயிண்ட் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டரின் தேய்ந்த புஷ்ஷை மாற்றுவது எப்படி

ஏற்காடு அடிவாரம் வரை நன்றாக வந்த பெட்ரோல் அம்பாசிடர், மலையில் இரண்டாவது கியரில் வளைவு எடுக்கும்போது தடுமாறினால் பெரும்பாலும் கார்பரேட்டரில்தான் முதலில் கை வைப்பார்கள். அடுத்து சி.பி. பாயிண்டும் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) கண்டென்சரும் புதிதாக விழும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடியே ஆகிவிடும். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட்டே, அதைத் தாங்கும் புஷ்ஷுக்குள் ஆடிக்கொண்டிருந்தால் எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் பாயிண்ட் திறக்கும் இடைவெளி (கேப்) நிற்காது. ஆட்டத்தை எடுத்த பிறகுதான் மற்ற வேலை எதற்கும் பலன் உண்டு.

இங்கே தரும் அளவுகள் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் வரும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கானவை. பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை முறை இதேதான். அளவுகளையும் மற்ற விவரங்களையும் அந்த வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பது

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும், அதற்குள் சுற்றும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆடினாலே சந்தேகப்பட வேண்டும். அடுத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). எஞ்சினை மெதுவாகச் சுற்றி, கேமின் நான்கு முனைகளிலும் பாயிண்ட் கேப்பை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும். முனைக்கு முனை 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது.

எது தேய்ந்தது? ஒரே முனையில் நிறுத்தி, ஷாஃப்ட்டைப் பாயிண்ட் பக்கம் தள்ளி ஒருமுறையும், எதிர்ப்பக்கம் இழுத்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். கேப் மாறினால் புஷ். மாறாமல், ஆனால் முனைக்கு முனை வித்தியாசம் இருந்தால் கேம் தேய்மானம் அல்லது ஷாஃப்ட் வளைவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் யூனிட்டைக் கழற்றக் கூடாது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம்.

டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் இன்னும் சுலபம். வேக்வம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் பாருங்கள். 60 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய ரீடிங் 3 டிகிரிக்கு மேல் நகர்ந்தால் ஷாஃப்ட் அலைகிறது என்று பொருள்.

கழற்றுவது

பேட்டரி எர்த்தை எடுங்கள். பிளக் ஒயர்களில் 1, 3, 4, 2 என்று எண் ஒட்டுங்கள். ஃபயரிங் ஆர்டர் அதுதான், மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டர் காட்டும் இடத்தை பாடியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் பிளேட்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். பாடியைப் பிடித்திருக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தொடாவிட்டால் திரும்பப் பொருத்தும்போது டைமிங் ஏறக்குறைய பழைய இடத்திலேயே கிடைக்கும்.

அடியில் இருக்கும் டிரைவ் டாக்கின் (ஷாஃப்ட்டை எஞ்சினோடு கோர்க்கும் முனை) இரண்டு நாக்கும் நடுவில் இல்லாமல் சற்று ஒருபக்கமாக ஒதுங்கி இருக்கும். அதனால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே ஒரு வாகில் மட்டும் இறங்கும். டாக்கை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் பின்னை அடிப்பதற்கு முன் ரோட்டர் பள்ளம் எந்தப் பக்கம், ஒதுங்கிய நாக்கு எந்தப் பக்கம் என்று சென்டர் பஞ்சால் குறித்துவிடுங்கள். டாக் திருப்பிப் பொருத்தப்பட்டால் ரோட்டர் 180 டிகிரி மாறி நிற்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, காரணமும் லேசில் பிடிபடாது.

பின்னின் நசுக்கிய முனையை அரத்தால் சமமாக்கி, டாக்கை மரக்கட்டையில் அல்லது வைஸில் தாங்க வைத்து, பின்னைத் தட்டி வெளியேற்றுங்கள். தாங்கல் இல்லாமல் சுத்தியால் அடித்தால் ஷாஃப்ட் வளையும். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள்.

புஷ்

ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில், புஷ் தொடாத இடத்திலும் தொட்ட இடத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02, 0.03 மி.மீ.யைத் தாண்டினால் புதுப் புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. அப்போது ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் கொடுத்து, அந்த அளவுக்குப் புஷ் கடையச் சொல்ல வேண்டும். அல்லது தேய்மானம் குறைந்த பழைய யூனிட்டிலிருந்து ஷாஃப்ட் எடுக்க வேண்டும்.

சேலத்து லேத் பட்டறைகளில் கேட்டால் சட்டென்று கன்மெட்டலில் (செம்புக் கலவை) கடைந்து கொடுத்துவிடுவார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரிஜினல் புஷ், பொடி உலோகத்தை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கிக் கசியும். கன்மெட்டலுக்கு அந்தக் குணம் கிடையாது. வேறு வழியே இல்லாமல் கன்மெட்டல் போட்டால் உள்ளே சுருள் எண்ணெய்க் காடி வெட்டச் சொல்லுங்கள், எண்ணெய் விடும் இடைவெளியையும் பாதியாகக் குறையுங்கள். எங்கள் தேர்வு எப்போதும் நுண்துளைப் புஷ்தான்.

அந்தப் புஷ்ஷைப் போடுவதற்கு முன் 24 மணி நேரம் சுத்தமான எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 எஞ்சின் ஆயிலில் முழுக ஊற வையுங்கள். அவசரமென்றால் ஆயிலை 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு எடுக்கலாம். பழைய புஷ் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு, படி வைத்த மாண்ட்ரலால் (அழுத்தப் பயன்படும் உருளைத் தண்டு) வைஸில் அழுத்தி வெளியேற்றுங்கள். புதியதையும் அதே ஆழத்துக்கு அழுத்துங்கள், சுத்தி கூடாது. உள்ளே ரீமர் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) விடவே கூடாது. ரீமர் நுண்துளைகளின் வாயை மழித்து அடைத்துவிடும், புஷ் வறண்டு சீக்கிரம் போய்விடும். இறுக்கமாக இருந்தால் ஷாஃப்ட்டில் ஆயில் தடவி, கையால் சுற்றிச் சுற்றி உட்கார வைக்க வேண்டும். பாடியில் எண்ணெய் வடியும் சிறு துளை இருந்தால் அதன் வழியாகவே புஷ்ஷிலும் துளையிட்டு, பிசிறை எடுத்துவிடுங்கள்.

மற்ற பாகங்கள்

ஷாஃப்ட் வெளியே இருக்கும்போதே, வேகம் கூடும்போது விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் (அட்வான்ஸ்) வெயிட்டுகளைப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோல இல்லாவிட்டால் பதற வேண்டாம். சில யூனிட்டுகளில் ஒன்று மெல்லியதாகவும் மற்றது தளர்ந்தும் இருக்கும். தளர்ந்தது வேகம் கூடிய பிறகுதான் வேலை செய்யும். அதை வளைத்து இறுக்கினால் அட்வான்ஸ் கெடும். வெயிட் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் மலையில் நாக்கிங் (எஞ்சினில் தட்டும் சத்தம்) கேட்கும்.

வேக்வம் யூனிட்டின் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட் நகர்ந்து, பத்து விநாடி அப்படியே நிற்க வேண்டும். ஆனால் மலைத் தடுமாற்றத்துக்கு இதன்மேல் பழி போடாதீர்கள். ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி ஏறும்போது வேக்வம் ஏறக்குறைய இருக்காது, அந்த நேரத்தில் இதற்கு வேலையும் இல்லை. டயஃப்ரம் கிழிந்தால் அது ஓமலூர் ரோடு போன்ற சமதளத்தில், பாதி ஆக்சிலரேட்டரில் தெரியும்: இழுவை மந்தமாகும், மைலேஜ் குறையும்.

உள்ளே போகும் எல்.டி. (குறை அழுத்த) ஒயரை விரலால் நீவிப் பாருங்கள். உறைக்குள் இழைகள் அறுந்திருந்தால், பிளேட் நகரும்போதெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். சாதாரண ஒயர் போட்டால் சீக்கிரம் முறியும், மெல்லிய இழைகள் நிறைந்த ஒயர் வேண்டும். பிளேட்டின் எர்த் ஒயரும் அப்படியே. தனித்தனித் துண்டாக வரும் பாயிண்ட் செட்டில், இரண்டு ஒயர் முனையும் பிளாஸ்டிக் புஷ்ஷின்மேல் உட்கார வேண்டும். அந்தப் புஷ் மாட்டியிருக்கும் தண்டைத் தொட்டால் ஸ்பார்க்கே வராது.

ரோட்டரைச் சோதிப்பது யூனிட்டை வண்டியில் பூட்டி, பேட்டரி எர்த்தை மாட்டிய பிறகுதான். அதை ஷாஃப்ட்டில் வைத்து, காயிலின் ஹெச்.டி. (உயர் அழுத்த) ஒயரை இன்சுலேட்டட் பிளையரில் பிடித்து, ரோட்டரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே நிறுத்துங்கள். இக்னிஷன் போட்டுப் பாயிண்டைத் திறந்து மூடுங்கள். ஸ்பார்க் தாவினால் ரோட்டர் உள்ளுக்குள் ஷாஃப்ட்டுக்குக் கசிகிறது, தூக்கிப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முனைக்கு முனை மயிரிழை போலக் கரிக்கோடு ஓடினால் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கண்டிப்பாக மிஸ்ஸிங் வரும். சுரண்டிப் பார்த்துப் பயனில்லை, புது மூடிதான் தீர்வு.

கண்டென்சர் 0.2 மைக்ரோ ஃபாரட்டை ஒட்டி இருக்க வேண்டும். நன்றாக ஓடும் பழையது கையில் இருந்தால் அதையே போடுங்கள். மலிவான புதியவை சூடேறியதும் கைவிடும்.

பூட்டி, டைமிங் வைப்பது

கேமில் கொஞ்சம் கிரீஸ். ரோட்டருக்குக் கீழே இருக்கும் ஸ்குருவில் இரண்டு சொட்டு ஆயில், ஸ்குருவைக் கழற்ற வேண்டாம். பாயிண்ட் ஊசியில் ஒரு சொட்டு, வெயிட்டுகளுக்குச் சில சொட்டு. பாயிண்டின் மேல் படக் கூடாது.

கேப்பை 0.38 மி.மீ.க்கு வைத்த பிறகே டைமிங்குக்கு வாருங்கள். கேப் மாறினால் டைமிங்கும் மாறும். புல்லி வெட்டை மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவந்து, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பை எல்.டி. முனைக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டி, இக்னிஷனைப் போட்டு பாடியைத் திருப்புங்கள். லேம்ப் எரியும் அந்தக் கணமே பாயிண்ட் திறக்கும் இடம். கடிகாரத் திசையில் திருப்பினால் அட்வான்ஸ், எதிர்த்திசையில் ரிட்டார்ட் (ஸ்பார்க் தாமதமாக வருவது). பக்கத்தில் நுண் திருகு இருந்தால் அதை முதலிலேயே நடுவில் வைத்துவிடுங்கள்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அடிவாரத்திலிருந்து வண்டியை ஏற்றிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள இந்தச் சாலையைவிட நல்ல சோதனைக் களம் கிடையாது. வளைவை விட்டு வெளியே வரும்போது நாக்கிங் கேட்டால் நுண் திருகில் கொஞ்சம் ரிட்டார்ட் கொடுங்கள். சத்தமே இல்லாமல் இழுவையும் மந்தமாக இருந்தால் கொஞ்சம் அட்வான்ஸ்.

500 கிலோமீட்டர் ஓடியதும் கேப்பை மறுபடி அளந்து பாருங்கள். புதுப் பாயிண்டின் ஃபைபர் குதிகால் கேமோடு பழகும்போது கொஞ்சம் தேயும். கேப் சுருங்கும், டைமிங் பின்வாங்கும். கேப்பைச் சரிசெய்தால் டைமிங்கும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாடியைத் திருப்ப வேண்டியதில்லை.