தரையை மறந்து வாங்கும் மேட்: நடைப்பயணத்தில் தூக்கத்தைக் கெடுக்கும் தவறுகள்

முதுகில் சுமந்து செல்லும் பொருள்களில் கூடாரத்துக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் தரையில் விரித்துப் படுக்கும் ஸ்லீப்பிங் மேட்டுக்குத் தருவதில்லை. மழையை எண்ணிக் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், குளிரை எண்ணி ஸ்லீப்பிங் பேக்கைத் தேர்ந்தெடுக்கிறோம். மேட்டைப் பற்றிய எண்ணமோ முதுகு வலிக்காமல் இருக்க ஒரு மெத்தை வேண்டும் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. கடையில் விரித்து வைத்திருப்பதன் மேல் இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்துப் பார்க்கிறோம், சுகமாக இருந்தால் வாங்கிவிடுகிறோம். கடையின் தரை சமமானது, உலர்ந்தது, அறையின் வெப்பத்தில் இருப்பது. மலைச்சரிவிலோ காட்டிலோ இந்த மூன்றில் ஒன்றுகூட நமக்குக் கிடைப்பதில்லை. மேட் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, உடலை நினைத்து வாங்கித் தரையை மறந்துவிடுவதால் வருபவை.

தடிமனைப் பார்த்துக் கதகதப்பை முடிவு செய்வது

அவற்றுள் முதன்மையானது, தடிமனான மேட் குளிரை நன்றாகத் தடுக்கும் என்ற நம்பிக்கை. ஸ்லீப்பிங் பேக் நம்மைச் சூடாக வைத்திருப்பதற்குக் காரணம், அதனுள் இருக்கும் இறகோ செயற்கை இழையோ உப்பி நின்று காற்றைச் சிறைப்பிடிப்பதுதான். நாம் படுத்த உடனேயே முதுகுக்குக் கீழே உள்ள பகுதி உடல் எடையில் நசுங்கி அந்த ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாக இழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நமக்கும் தரைக்கும் இடையே தடையாக நிற்பது மேட் மட்டுமே. தரையோ எவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் உடல் சூடாக்கினாலும் அது சூடாகி முடிவதில்லை.

உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கும் மேட் பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்தாலும் இந்த இழப்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நாம் புரளும்போதெல்லாம் உள்ளே உள்ள காற்று இடம் மாறி வெப்பத்தைக் கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுபோகிறது; கதிர்வீச்சாகவும் வெப்பம் கீழே இறங்குகிறது. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு சாதாரண ஃபோம் மேட், அப்படிப்பட்ட உயரமான வெற்று மேட்டைவிடக் கதகதப்பாக இருக்கக்கூடும் என்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை அதுதான். நல்ல காற்று மேட்டுகளில் செயற்கை இழையோ, இறகோ, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பளபளப்பான படலமோ உள்ளே வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது ஆர் மதிப்பு என்ற எண்ணை. வெப்பம் கடந்து செல்வதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான அளவு அது. எண் கூடக்கூடக் குளிர் குறையும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் அளந்து தனக்குப் பிடித்த எண்ணை அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரமுறை 2018இல் வந்த பிறகே, 35 டிகிரி செல்சியஸில் வைத்த சூடான தகட்டுக்கும் 5 டிகிரியில் வைத்த குளிர்ந்த தகட்டுக்கும் நடுவே மேட்டை வைத்து, சூடான தகட்டை அதே வெப்பத்தில் நிறுத்த எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று எல்லோரும் ஒரே வகையில் அளக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய பழைய மேட்டின் எண்ணையும் இன்றைய மேட்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. பழைய பொருளைக் கைமாற்றி வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பான இரவுகளுக்கு இரண்டுக்குக் குறைவான ஆர் மதிப்பே போதும். குளிர்ச்சியான இரவுகளுக்கு இரண்டு முதல் நான்கு வரையும், உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு நான்கு முதல் ஐந்தரை வரையும், பனியின் மேல் படுப்பதற்கு அதற்கு மேலும் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. இது கணக்குதான், சட்டம் இல்லை. எளிதில் குளிர்பவர்கள், மெலிந்தவர்கள், நாள் முழுவதும் நடந்து களைத்து அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுப்பவர்கள் ஒரு படி மேலே செல்வது நல்லது. ஆய்வுக்கூடத்தின் தகடு இரவில் புரண்டு படுப்பதில்லை, அதன் கை மேட்டை விட்டு வெளியே விழுவதும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, முதுகு குளிர்ந்தால் இன்னும் தடித்த ஸ்லீப்பிங் பேக் வாங்குவது. பேக்கின் மேல் எழுதியிருக்கும் வெப்பநிலை, சூடேற்றிய ஒரு பொம்மையை வெப்பம் கடத்தாத மேட்டின் மீது படுக்க வைத்து ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரமுறையில் கணக்கிட்டது. அதாவது நல்ல மேட் கீழே இருக்கிறது என்ற அனுமானம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய மேட்டின் மேல் படுத்துவிட்டு, பேக்கில் எழுதியிருந்தது பொய் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. பின்பக்கமே இல்லாத குவில்ட் போர்வைகளைப் பயன்படுத்துபவர்களுக்கோ மேட்தான் படுக்கையின் அடிப்பாதி, அவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. இங்கே ஒரு வசதியும் உண்டு: ஆர் மதிப்புகளைக் கூட்டலாம். இரண்டு உள்ள ஃபோம் மேட்டின் மேல் நான்கு உள்ள காற்று மேட்டைப் போட்டால் ஏறக்குறைய ஆறு கிடைக்கும். ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே கடுங்குளிரில் தங்குபவர் அதற்கென்று தனியே விலையுயர்ந்த மேட் வாங்காமல் இப்படிச் சமாளிக்க முடியும்.

எடையை மட்டும் பார்த்து, நள்ளிரவை மறப்பது

ஃபோம் மேட் எடை குறைந்தது, காற்று மேட் கனமானது என்ற பழைய எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் இசட் லைட் சோல் என்ற மடிக்கும் ஃபோம் மேட் ஏறக்குறைய 410 கிராம், ஆர் மதிப்பு 2. அதே நிறுவனத்தின் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி காற்று மேட் சாதாரண அளவில் ஏறக்குறைய 370 கிராம், உயரம் 7.6 சென்டிமீட்டர், ஆர் மதிப்பு 4.5. எடையும் சுகமும் கதகதப்பும் காற்று மேட்டின் பக்கமே இருக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை. சுருட்டினால் அது தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கிவிடும், ஃபோம் மேட்டோ பைக்கு வெளியேதான் தொங்க வேண்டும்.

ஆனாலும் ஃபோம் மேட்டை நான் கைவிடாததற்குக் காரணம், அது கெட்டுப்போகும் விதம். முள் குத்தினாலும், தீப்பொறி பட்டாலும், ஒரு மூலை கிழிந்தாலும் ஃபோம் அன்றிரவு முன்னைப் போலவே வேலை செய்யும். ஆண்டுகள் செல்லச் செல்ல நசுங்கி மெல்ல மெல்லத் தளரும், அவ்வளவுதான். காற்று மேட்டுக்கு இந்தப் படிப்படியான முதுமை கிடையாது. இரவு பதினொரு மணிக்கு 4.5 ஆக இருந்த அதன் ஆர் மதிப்பு, ஊசி நுழையும் ஒரு துளையால் இரண்டு மணிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடலாம். தானாகக் காற்று நிரம்பும் மேட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே திறந்த நுண்ணறைகளைக் கொண்ட ஃபோம் இருப்பதால் காற்று போனாலும் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் எடை கூடுதல். நம்பகத்தன்மை என்பதை ‘எது கெடாது’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘கெட்டால் அன்றிரவு என்ன மிஞ்சும்’ என்று கேட்பதே சரியான கேள்வி, அந்த விடை செல்லும் இடத்தைப் பொறுத்து மாறும். அரை நாளில் ஊர் திரும்பிவிடக்கூடிய கோடைப் பயணத்தில் துளை விழுவது ஓர் இரவின் தொல்லை. மூன்று நாள் தொலைவில், உறைநிலைக்குக் கீழே, அது ஆபத்து.

பெரும்பாலான பயணங்களுக்கு நான் பரிந்துரைப்பது நடுவழி: காற்று மேட்டுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய ஃபோம் தாள் ஒன்று, தோளிலிருந்து இடுப்பு வரை மட்டும் நீளும்படி வெட்டியது. 100 கிராம் அளவிலேயே முடிந்துவிடும் இந்தத் தாள் முள்ளைத் தடுக்கும், மேட் வழுக்கி நகர்வதைக் குறைக்கும், பகலில் ஈரக்கல்லின் மேல் போட்டு உட்காரவும் உதவும். காற்று மேட் கைவிட்ட இரவில் கடைசித் துணையாகவும் இருக்கும். துணியின் தடிமனை மட்டும் நம்பி இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும் எண். 40 டெனியர் துணி 20 டெனியர் துணியைவிட உராய்வைத் தாங்கும் என்பது சரியே. கூரான முள்ளுக்கு முன்னால் இரண்டும் துணிதான்.

பஞ்சர் ஒட்டும் பொருள்களைப் பிரிக்காமலே சுமந்து திரிவது இதைவிடப் பரவலான தவறு. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் திரிந்தேன். ஒரு குளிர்ந்த இரவில் அந்தச் சிறு பொட்டலத்தை முதன்முறையாகத் திறந்தபோது, குழாய்க்குள் பசை கல்லாக இறுகியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பசையை அமுக்கிப் பார்க்கிறேன், தோலுரித்து ஒட்டும் ஒட்டுத்துண்டு இரண்டையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். பசை காய்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஒட்டுத்துண்டு அந்த இரவிலேயே கைகொடுக்கும்.

துளையைத் தேடும் முன் வால்வைப் பார்க்க வேண்டும். அங்கே சிக்கிய ஒரு தலைமுடியோ மணல் துகளோ விடியும் வரை காற்றைக் கசியவிடும். வால்வில் குறையில்லை என்றால் மேட்டை இறுக்கமாக ஊதி, ஈரமான கன்னத்தைப் பரப்பின் அருகில் கொண்டுபோனால் சிறு கசிவும் உணரப்படும். தேங்கிய நீரில் பகுதி பகுதியாக அமிழ்த்தினாலும், சோப்பு நுரை தடவினாலும் குமிழி காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்த உடனே பேனாவால் வட்டமிடாதவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தேடுவார்கள். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை நன்றாக உலர்த்தி ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும், இல்லையேல் ஒட்டு காலையில் கழன்று வரும்.

ஊதுவதில் நடக்கும் பிழைகள்

புதிதாக வாங்கியவர்கள் முதல் இரவிலேயே மேட்டில் ஓட்டை இருக்கிறது என்று பதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாலையில் இறுக்கமாக இருந்தது இரவில் தளர்ந்துவிட்டால் அது கசிவாக இருக்க வேண்டும் என்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் அடைத்த காற்று 5 டிகிரிக்குக் குளிரும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்கும். வாயால் ஊதினால் மூச்சின் வெப்பத்தால் இந்தச் சுருக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். படுக்கப்போகும் முன் இரண்டு மூச்சுக் காற்றைக் கூடுதலாக நிரப்பினால் சரியாகிவிடும். மூச்சோடு ஈரமும் உள்ளே செல்வதால் நாளடைவில் உட்புறம் பூஞ்சை பிடிக்கலாம், இறகு நிரப்பிய மேட் என்றால் கதகதப்பே குறையும். மேட்டோடு கூடவே வரும், காற்றை அமுக்கி நிரப்பும் பம்ப் பையைப் பயன்படுத்துவது இதற்காகவும், மேட்டில் தலைசுற்றாமல் போய்ச் சேர்வதற்காகவும்தான்.

எதிர்ப்பக்கத்துத் தவறு, தவில் போல இறுகும் வரை ஊதுவது. அப்படிச் செய்தால் உடல் மேட்டுக்குள் அமிழாமல் மேலே உருள்கிறது, தோளும் இடுப்பும் வலிக்கின்றன, பழி மேட்டின் மீது விழுகிறது. நிறைய ஊதிய பிறகு பக்கவாட்டில் படுத்து, இடுப்பு தரையைத் தொடுவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும் வரை வால்வைத் திறந்து காற்றை விட வேண்டும். பக்கவாட்டில் தூங்குபவர்களுக்குத் தடிமன் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். ஏழு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இந்தச் சரிப்படுத்தலுக்கு இடமே இருக்காது. இறுக்கமாக ஊதிய மேட்டை வெயிலில் காயும் மூடிய கூடாரத்துக்குள் விட்டுவிட்டுச் செல்வது இன்னும் மோசம். விரியும் காற்று உள்ளே இருக்கும் தடுப்புகளை ஒட்டு விடச் செய்து, மேட்டின் நடுவே பலூன் போல ஒரு புடைப்பை உண்டாக்கும். அதற்குக் காட்டில் மருந்து கிடையாது.

அகலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்கமான 51 சென்டிமீட்டர் மேட்டில் மல்லாந்து படுப்பவரின் முழங்கை வெளியே தொங்கும், 64 சென்டிமீட்டர் மேட்டில் தொங்காது. ஆனால் அகலமான இரண்டு மேட்டுகள் சேர்ந்தால் 128 சென்டிமீட்டர். பல இருவர் கூடாரங்களின் தரை அதே அளவுதான், கால் பக்கத்தில் அதைவிடவும் குறுகும். கூடாரத்தின் தரையை அளக்காமல் அகலமான மேட் வாங்குபவர், உடன் வருபவரின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார். உள்ளே படலம் வைத்த சில மேட்டுகள் புரளும்போது சரசரக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் ஒரு முழு இரவு, கட்டிலில் அல்லாமல் வெறுந்தரையில், பயணத்துக்கு எடுத்துச் செல்லும் அதே பேக்கோடும் தலையணையோடும் தூங்கிப் பார்க்காமல் மேட்டைக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். காற்று நிற்கிறதா, தோள் மரத்துப்போகிறதா, வழுக்குகிறதா என்பதெல்லாம் மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். முகாமில் மேட்டை விரிக்கும் முன் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கல்லையும் குச்சியையும் பொறுக்கி எறிய இரண்டு நிமிடம் போதும். சரிவு தவிர்க்க முடியாதது என்றால் தலை உயரமான பக்கம் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு, ஈரம் காயாமல் சுருட்டி அலமாரியில் திணித்துவிடுவது கடைசித் தவறு. காற்று மேட்டை வால்வைத் திறந்து நிழலில் உலர்த்தி வைக்க வேண்டும். தானாக நிரம்பும் மேட்டைச் சுருட்டாமல், வால்வைத் திறந்தபடியே கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ விரித்து வைக்க வேண்டும். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஃபோம், அடுத்த பயணத்தில் தானாக நிரம்ப மறுக்கும்.