பங்கு ஆலோசனைக்குச் சந்தா கட்டும் முன்

மாதம் 100 ரிங்கிட் சந்தா என்றால் சிறு தொகையாகத்தான் தோன்றும். ஆனால் 10,000 ரிங்கிட் மட்டுமே முதலீடு செய்தவருக்கு அது ஆண்டுக்கு 12 விழுக்காட்டுச் செலவு, அதாவது மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த 6.3 விழுக்காட்டு இலாப ஈவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. எனவே முதலில் ஆண்டுச் சந்தா உங்கள் முதலீட்டில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் வேண்டாம் என்பேன்.

முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய, 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டப்படி உரிமம் தேவை. பங்குப்பத்திர ஆணையத்தின் இணையத்தளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் ஆலோசகரின் பெயரைத் தேடுங்கள். உரிமமின்றி இயங்குவோர் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

அடுத்து, பழைய பரிந்துரைகளை ஒன்றுவிடாமல் கேளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில், தே தாரேக் ஆறிக்கொண்டிருக்க, ஆலோசகர் ஒருவர் தம் கைப்பேசியில் தாம் பரிந்துரைத்த எட்டுப் பங்குகளைக் காட்டினார்; எட்டும் இலாபம். நட்டமானவை எங்கே என்றதும் பேச்சு மாறியது. தவிர, 20 சென் விலையில் குறைவாகக் கைமாறும் பங்கொன்றைச் சந்தாதாரர்கள் அனைவரும் ஒரே காலையில் வாங்க முனைந்தால், அவர்களாலேயே விலை 23 சென்னுக்கு ஏறலாம்; முன்பே வாங்கி வைத்தவருக்கு விற்க அதுவே நல்ல நேரம்.

அப்படியும் ஆசை விடவில்லையானால், சில மாதங்களுக்குப் பரிந்துரைகளைத் தாளில் மட்டும் எழுதி, நீங்கள் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய விலையைக் குறித்து, தரகுக் கட்டணத்தையும் சந்தாவையும் கழித்து, பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் 30 நிறுவனக் குறியீட்டுடன் ஒப்பிடுங்கள். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புர்சா தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.