வார்டு முடிவை வைத்து டெல்லிக் கணக்குப் போடும் முன்

உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு எத்தனை இடம் என்று பார்த்து, மக்களவைக்கும் அதே கதைதான் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது. ஊராட்சித் தேர்தல் எண்ணிக்கை மையத்தில் முதலில் கண்ணில் படுவது ஓட்டுச் சீட்டின் நிறம்தான். பெட்டியை மேசையில் கவிழ்த்து, வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு குவியலாகப் பிரித்துக் கட்டுப் போடுவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். தாலுகா நிருபராக இருபது வருஷம் அந்த வாசலில் நின்றவன் சொல்கிறேன்: கட்சிக் கணக்குக்குப் பச்சையும் மஞ்சளும் போதும். பச்சை ஒன்றியக் கவுன்சிலர், மஞ்சள் மாவட்டக் கவுன்சிலர். வெள்ளை வார்டு மெம்பருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு. இரண்டிலும் கட்சிச் சின்னமே கிடையாது. "எங்களுக்கு இத்தனை தலைவர்" என்று யார் லிஸ்ட் நீட்டினாலும் அது அவர்களே எழுதிக்கொண்டது. நானும் ஒருதரம் அப்படி ஒரு லிஸ்ட்டை நம்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மூன்று தலைவர்கள் போனில், "என்னை எப்பங்க கட்சியில சேத்தீங்க?"

2021 அக்டோபரில் கோவைப் பக்கம் பாஜககாரர் ஒருவருக்கு ஒரே ஓட்டு என்று ஊரே சிரித்ததே, அது வெள்ளைச் சீட்டுதான். அவர் நின்றது சுயேச்சைச் சின்னத்தில்; வீட்டாருக்கு ஓட்டு வேறு வார்டில். அதே கோவையில் அஞ்சு மாசம் முன்னால்தான் பாஜகவின் வானதி சீனிவாசன் எம்.எல்.ஏ. ஆகியிருந்தார்.

நகரத்தில் எல்லாமே கட்சிச் சின்னம். அங்கே கேட்க வேண்டியது, கோட்டையில், அதாவது மாநில ஆட்சியில், யார் என்பதை. 2021 மேயில் ஆட்சி திமுகவுக்குப் போனாலும், கோவை மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு. 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 100 வார்டில் 96 திமுக கூட்டணிக்கு, பாஜகவுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்பது மாசத்தில் ஜனங்கள் மனசு மாறியதா? சாக்கடைக்கும் குழாய்க்கும் ஆளுங்கட்சி ஆள் இருந்தால் காரியம் ஆகும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். 2011லும் இதே கதை: மேயில் அதிமுக ஆட்சி, அக்டோபரில் 10 மாநகராட்சியும் அதிமுகவுக்கு. ஆகவே ஆளுங்கட்சி அள்ளினால் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். சறுக்கினால்தான் சிவப்புப் பேனா. 2019 டிசம்பரில் ஆண்டது அதிமுக. மாவட்டக் கவுன்சிலரில் திமுக 243, அதிமுக 214. அன்றைக்கே நோட்டில் வட்டம் போட்டு வைத்தேன்.

தேசியக் கட்சி என்றால், யார் தோளில் ஏறி நின்றது என்று பாருங்கள். 2022 நகர்ப்புறத்தில் காங்கிரஸ் 592 இடம், திமுக பிரித்துக் கொடுத்ததில். பாஜக தனியாக நின்று 308. தனியாக வாங்கிய 308 பெரிதுதானே என்பீர்கள். மாவட்டவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கன்னியாகுமரி ஒன்றிலேயே. அந்தக் கன்னியாகுமரியில் 2024 மக்களவைக்கு ஜெயித்தது காங்கிரஸ்.