முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள்

என் பெரியம்மாவுக்கு இடம் தேடி மூன்று வாரம் அலைந்தோம். முதல் குழப்பம் பெயரிலேயே வந்தது. சென்னையில் ‘நர்சிங் ஹோம்’ என்று பலகை இருந்தால் அது பெரும்பாலும் சின்ன ஆஸ்பத்திரி. நமக்கு வேண்டியது முதியோர் இல்லம். அதிலும் தானே எழுந்து நடமாடுகிறவர்களுக்கான இடம் வேறு, படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் மறதி நோய் உள்ளவர்களையும் பார்த்துக்கொள்ளும் இடம் வேறு. போனில் விசாரித்தால் எல்லாருமே “பார்த்துக்கறோம் சார்” என்றுதான் சொல்வார்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்னென்ன உதவி தேவை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தது. தரை பளபளத்தது, சாம்பார் வாசனை வந்தது, மேனேஜர் அன்பாகப் பேசினார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். இரவில் பதினான்கு பேருக்கு ஒரே ஒரு ஆயாம்மா என்பது பிறகுதான் தெரிந்தது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தனி ஆளாக அந்த அம்மாவால் அது எப்படி முடியும்? ஒரே மாதத்தில் பெரியம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. அந்த ஆயாம்மா மேல் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் விட்டது நாங்கள்.

ஆகவே, சொல்லாமல் மாலை ஏழு மணிக்குப் போங்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். அப்போது அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் உண்டா, நள்ளிரவில் மூச்சுத்திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றால், எனக்கு அதுவே போதும், வேறு இடம் பார்ப்பேன்.

பணத்தில், மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் தனிக் கணக்காக வரலாம். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். தரைத்தளத்தில் படுக்கையாக இருப்பவர்களை யார், எப்படி மேலே தூக்குவார்கள்? ஸ்ட்ரெச்சர் நுழையும் லிப்ட் உண்டா? ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? அக்கம்பக்கத்துக் கடையில் விசாரித்தால் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சொல்லிவிடுவார்கள்.

கடற்காற்று வரும் என்று ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வெகுதூரத்தில் இடம் பிடிப்பவர்கள் உண்டு. வீடு அம்பத்தூரில் இருந்தால் வாரம் ஒருமுறை போவதே கஷ்டம். அடிக்கடி ஆள் வந்து போகிறவர்களை இல்லத்தில் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். வருத்தமான விஷயம், ஆனால் கண்ணால் பார்த்தேன்.

“ஒரு வாரம்தான்” என்று பொய் சொல்லி மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். பெரியம்மா நாற்பது நாள் பையைப் பிரிக்காமலே வைத்திருந்தார். இரண்டாவது இல்லத்துக்கு அவரையும் அழைத்துப்போய்க் காட்டினோம். ஜன்னலோரக் கட்டிலை அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.