பெரிய பகா எண்களில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

2024 அக்டோபரில் லூக் டூராண்ட் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 ஒரு பகா எண் என்று கண்டுபிடித்தார். 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்று உடனே தலைப்புப் போட்டுவிடுகிறோம். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். 'அதுவரை தெரிந்தவற்றில் பெரியது' என்றால் சரி.

அடுத்த சறுக்கல்தான் அதிகம் நடப்பது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1 கழித்ததும் பகா எண்ணாகிவிடும் என்ற நினைப்பு. 2, 3, 5, 7 வரை போட்டுப் பார்த்தால் உண்மை போலவே இருக்கும். 11 போட்டால் 2047 வரும். அது 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இவ்வகை எண்களுக்குப் பெயர் கொடுத்த மெர்சென் கூட 1644-இல் தந்த பட்டியலில் 67-ஐச் சேர்த்துவிட்டார். 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876-இல் லூகாஸ் காட்டினார். காரணிகள் 193707721, 761838257287 என்று 1903-இல்தான் கோல் எடுத்து வைத்தார். காரணி தெரியாமலே ஒரு எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிடலாம் என்பதைப் பலர் நம்புவதில்லை.

காரணி தேடாமலே இவ்வகை எண்களைச் சோதிக்கும் ஒரு முறையை நாமே போட்டுப் பார்க்கலாம். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். 2⁷ − 1 = 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. பூஜ்யம் வந்ததால் பகா எண். அடுக்கு 7 என்பதால் ஏழு முறை செய்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியது இரண்டு குறைவாக, ஐந்தே முறை. ஏழு முறை போனால் பூஜ்யத்தைத் தாண்டி 125, அப்புறம் 2 என்று வந்து நிற்கும். நல்ல பகா எண்ணையே கைவிட்டுவிடுவோம்.

டூராண்ட் கண்டுபிடித்தது போன்ற பெரிய எண்ணை வைத்து வங்கிக் கணக்கைப் பூட்டலாம் என்பதும் தவறு. ஊருக்கே தெரிந்த எண் எப்படி ரகசியச் சாவியாகும்? அதற்கு யாருக்கும் தெரியாத, சில நூறு இலக்கப் பகா எண்களே போதும்.

டூராண்டின் எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணுவதில் எனக்கே ஒருமுறை தவறிவிட்டது. 2-இன் மடக்கையை, அதாவது 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்பதை, 0.30103 என்று வைத்து 136279841 என்ற அடுக்கோடு பெருக்கினேன்: 41,024,320.536. முழு எண் பகுதியோடு ஒன்று கூட்டினால் 41,024,321 இலக்கம். உண்மையில் 41,024,320-தான். ஐந்தாம் தசமத்தோடு நிறுத்திய சின்னப் பிழை, பதின்மூன்றரைக் கோடியால் பெருகி அரைக்கு மேல் ஏறிவிட்டது. 0.301029995664 என்று போட்டால் 41,024,319.945 வரும். 10-ஐ .945 அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 8.8 வரும்; அதனால் அந்த .945-தான் எண் 8-இல் தொடங்குகிறது என்றும் சொல்கிறது. என் பழைய கணக்கின்படி அது 3-இல் தொடங்கியிருக்கும்.