எடைச் சீட்டிலிருந்து அட்டவணைக்கு: அரேயை எஸ்க்யூஎல்லில் ஏற்றுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். எடை போட்டு முடித்ததும் உறுப்பினர் எண்கள் ஓர் அரேயிலும் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பு), கிலோக் கணக்கு இன்னொரு அரேயிலும் வருகின்றன. இவற்றைப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். கமா போட்டு அட்டவணையின் ஒரே கட்டத்தில் திணிக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒருவருடைய இலையைக் கூட்டுவது பெரும்பாடாகிவிடும். ஓர் எடைக்கு ஒரு வரிசை.

முதலில் அட்டவணை. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம்; தட்டும்போது ஆங்கில எழுத்து. பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், 63 பைட்டுக்குள். தமிழ் எழுத்துக்கு 3 பைட், அதனோடு வரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ தனியாக இன்னொரு 3 பைட்.

கிரியேட் டேபிள் வரவு (
நாள் டேட்,
நடை இன்டிஜர்,
உறுப்பினர் இன்டிஜர்,
எடை நியூமெரிக்(6,2) நாட் நல் செக் (எடை > 0),
பிரைமரி கீ (நாள், நடை, உறுப்பினர்)
);

ஒரே நாளில் இரண்டாம் முறை இலை வந்தால் நடை 2. அதே சீட்டைத் தவறி மறுபடி ஏற்றினால், வரிசை இரட்டிக்காமல் காக்கும் பிரைமரி கீ தடுத்துவிடும். எடைக்கு ஃப்ளோட் (பின்னத்தைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) வேண்டாம், கூட்டும்போது பின்னம் பிசகும்.

இன்செர்ட் இன்டூ வரவு (நாள், நடை, உறுப்பினர், எடை)
செலக்ட் டேட் '2025-06-10', 1, உ, எ
ஃபிரம் அன்னெஸ்ட்(அரே[101,102,103], அரே[18.5,22,9.75]) ஆஸ் த(உ, எ);

அன்னெஸ்ட் இரண்டு அரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசையாகப் பிரிக்கிறது. 9.4 பதிப்பு முதல் இது உண்டு.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். 102-இன் எடை விடுபட்டு அரே [18.5, 9.75] என்று வந்தால், 9.75 கிலோ 102-க்குப் போய்விடும். 103-க்கு நல் (வெற்று மதிப்பு) விழும். நாட் நல் இருப்பதால் கட்டளை முழுதும் நின்றுவிடும், ஒரு வரிசையும் ஏறாது. அது இல்லையென்றால் ஒருவர் பறித்த இலை இன்னொருவர் கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். நாட் நல் மட்டும் போதாது: எண்ணில் ஒன்றும் எடையில் வேறொன்றும் விடுபட்டால் இரண்டு அரேயும் ஒரே நீளம்தான், நாட் நல்லும் பிடிக்காது. மொத்தக் கிலோவை வைத்துச் சரிபார்ப்பதும் போதாது: இரண்டு எடை இடம் மாறியிருந்தால் மொத்தம்கூட மாறாது.

ஆகவே முடிந்தவரை எண்ணையும் எடையையும் நிறுக்கும்போதே ஜோடியாக ஜேசனில் (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) வாங்கி, ஜேசன்பி_டு_ரெக்கார்ட்செட் கொண்டு வரிசைகளாகப் பிரித்தெடுங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் அரே வகையே கிடையாது, அங்கே 8.0-இல் வந்த ஜேசன்_டேபிள் இதே வேலையைச் செய்யும்.